இந்தத் திதிக்கு மாமாவுக்கு இலை இல்லை

மோரில் ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்லி என்னிடம் கெஞ்சிய என் அம்மாவுக்கு,

உன் பூங்கொடி எழுதுகிறேன். நீ போய் ஒன்பது வருஷமாகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுத என்ன இருந்தது? மலாக்காவில் அந்த ஆயர் குரோ பேக்டரியில் இன்னும் அதே லைனில்தான் நிற்கிறேன், வீட்டுக் கூரை அதே இடத்தில்தான் ஒழுகுகிறது என்று எழுதவா?

இப்போது விஷயம் இருக்கிறது. உட்கார்ந்து கேள். நடுவில் "அப்படிச் சொல்லாதேடி, அவர் என் அண்ணன்" என்று மட்டும் ஆரம்பிக்காதே. இந்த ஒரு தடவை நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது.

போன மாசிக்குக் கமலா சித்தி மகள் கல்யாணத்துக்குத் திருச்சி போயிருந்தேன். உன் சித்தப்பா மகள் கமலாதான். ஊரில் நமக்கென்று மிச்சமிருக்கிற ஒரே சொந்தம். மூன்று நாள் விருந்து. நெய் ஊற்றி ஊற்றிப் போட்டார்கள், நானும் வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டேன். நாலாம் நாள் காலையில் வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகுக்கு ஏறிவிட்டது. நிமிர முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வாந்தி வேறு. மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் கண் இரண்டும் மஞ்சள். சிறுநீர் பால் விடாத கோப்பி-ஓ நிறத்தில் போனது.

அப்போது என் வாயிலிருந்து முதலில் என்ன வந்தது தெரியுமா? "சித்தி, இங்க கீழாநெல்லி எங்க கெடைக்கும்?" என்று கேட்டேன். உன்னை அதைக் கொடுத்தே அனுப்பி வைத்தவள், எனக்கும் அதையே கேட்கிறேன். எவ்வளவு பெரிய முட்டாளை நீ பெற்றிருக்கிறாய் பார்.

சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பைத்தியமாடி ஒனக்கு? கீழாநெல்லி குடுக்கற ஒங்க மாமாவே கண்ணு மஞ்சளாயி இங்க வந்துதான் வயித்துக்குள்ள டியூப் வெச்சிக்கிட்டுப் போனாரு. கெளம்பு, அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்" என்றாள்.

நான் எந்த மாமா என்று கேட்டேன். சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒங்கம்மா கூடப் பொறந்தவரு எத்தன பேருடி இருக்காங்க?"

ஒரே ஒருத்தர்தானே அம்மா. புலாவ் செபாங்கில் இருக்கிற மாமா. என் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவர். மருந்துக்காரர்.

ஆட்டோவில் போகும்போதே எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். உனக்கு உடம்புக்கு வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் மாமா குலதெய்வக் கோயிலுக்கு என்று சொல்லி ஊருக்குப் போனாரே, நினைவிருக்கிறதா? போகும்போது கண்ணில் லேசாக மஞ்சள் இருந்தது, வரும்போது இல்லை. "என் மருந்த நானே சாப்ட்டேன்" என்று ஊரெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவர் வீட்டு வாசலில் கூட்டம் இரண்டு மடங்கானது. மூன்று மாதம் கழித்துக் கும்பாபிஷேகம் என்று மறுபடி போனார். கும்பாபிஷேகமும் இல்லை ஒன்றும் இல்லை. உள்ளே வைத்த குழாயை எடுக்கப் போயிருக்கிறார்.

அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி அவர் நடந்துகொண்டதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. ஒரு காசு வாங்க மாட்டார். ஒரு சீப்பு வாழைப்பழம், ஊதுபத்தி, அவ்வளவுதான். ராசியான கை என்று தம்பினிலிருந்தும் சுங்கை ரம்பாயிலிருந்தும் ஆள் வரும். அந்தப் பேர்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

உன்னுடைய அந்தப் பதினோரு நாளை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாளைக்கு இதை வேறு யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன்.

வயிற்று வலியோடு உன் கண்ணும் மஞ்சளான அன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, மாமா வீட்டு முன்னால் அந்த நீலப் பெஞ்சில் உட்கார்ந்தோம். நீ பயந்துபோயிருந்தாய். "அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு தடவ காட்டிட்டு வந்துரட்டுமா?" என்று கேட்டாய். நீ கேட்டாய் அம்மா. நான் பக்கத்தில் இருந்தேன். அதற்கு அவர் சொன்னார்: "அங்க போனா வயித்தக் கிழிச்சிடுவாங்க. காமாலைக்கு ஏது ஆஸ்பத்திரி? பத்து நாளு பத்தியமா இரு, போதும்." நீ உடனே தலையாட்டினாய். அண்ணன் சொன்னால் உனக்கு மறுபேச்சு ஏது?

உப்பில்லை, புளியில்லை, எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. விடியற்காலையில் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, கழுவி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்தேன். மூன்றாம் நாள் உன் வலி குறைந்தது. "பாத்தியா, அண்ணன் கை" என்று நீ சொன்னாய். எனக்கும் மலைப்பாகத்தான் இருந்தது. ஏழாம் நாள் உப்புக் கேட்டாய். "சொரணையே இல்லடி நாக்குல, ஒரே ஒரு சிட்டிக" என்றாய். பத்தியம் முறிந்தால் மருந்து விஷமாகிவிடும் என்று மாமா சொல்லியிருந்தார். நான் போடவில்லை.

பதினோராம் நாள் உடம்பு தூக்கிப் போடும் அளவுக்குக் குளிர் காய்ச்சல். என்னை அடையாளம் தெரியாமல் "யாரும்மா நீ" என்று கேட்டாய். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. பித்தக் குழாயில் கல் அடைத்துச் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அந்த மலாய்க்கார டாக்டரம்மா உன் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கெனாப்பா லம்பாட்?" ஏன் இவ்வளவு லேட். திட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

மாமா பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்து உன்மேல் போர்த்தினார். நல்ல சேலை, அரக்கு நிறம், ஜரிகைக் கரை. போர்த்திவிட்டு அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன். அந்தக் கையை இப்போது நினைத்தால் வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

திருச்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் சின்னப் பெண், என் வயதில் பாதி இருக்கும். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். ஈரலிலிருந்து வரும் பித்தக் குழாயும் கணையத்திலிருந்து வரும் குழாயும் சிறுகுடலுக்குள் ஒரே வாசல் வழியாக இறங்குகிறதாம். என் கல் அந்த வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு, வாசலைக் கொஞ்சம் கீறிவிட்டுக் கல்லை எடுத்துவிடலாம் என்றாள். வயிற்றைக் கிழிக்க வேண்டாமா என்று கேட்டேன். "யாரும்மா சொன்னா? வெளியில ஒரு தையல்கூட இருக்காது" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் அழுததை அந்தப் பெண் பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளிடம் உன் கதையைச் சொன்னேன். பத்தியத்தில் வலி குறைந்தது எப்படி என்று கேட்டேன். எண்ணெய் சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கும், அப்போதுதான் வலி கூடும், எண்ணெயை நிறுத்தினால் சில பேருக்கு வலி அடங்கும் என்றாள். "வலிதாம்மா போயிருக்கும். கல்லு அங்கயேதான் இருந்திருக்கும்." அப்படியென்றால் நாம் இரண்டு பேரும் குணமாகிறது, குணமாகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த நாளிலெல்லாம் உள்ளே அது உன்னைத் தின்றுகொண்டிருந்தது. நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று கேட்டேன். பார்க்காத நோயாளியைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது என்றாள். படம் போட்ட தாளை மடித்து என்னிடம் கொடுத்தபடி, வாய்ப்பு நிறைய இருந்திருக்கும் என்றாள்.

மறுநாள் பட்டினி போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். வளையல், தோடு, தாலி எல்லாவற்றையும் கழற்றிச் சித்தியிடம் கொடுத்தேன். தொண்டையில் கசப்பாக மருந்து அடித்தார்கள், நாக்கு மரக்கட்டையாகிவிட்டது. பல்லுக்கு நடுவில் ஒரு வளையத்தைக் கடிக்கச் சொல்லிக் குப்புறப் படுக்க வைத்தார்கள். மாமாவும் இதே மேசையில் இப்படித்தானே வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பார் என்று நினைத்தேன். ஊசி போட்டதும் நினைவு போய்விட்டது. விழித்தபோது கல் வெளியே வந்துவிட்டது என்றார்கள். மிளகு அளவுதான், இரண்டு.

அதோடு விட்டதா என்றால் இல்லை. சில பேருக்கு இதற்குப் பிறகு கணையம் வீங்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எனக்கு வீங்கியது. நாலு நாள், வாயில் பச்சைத் தண்ணீர் கிடையாது. வலி என்றால், அம்மா, பிள்ளை பெற்ற வலி எல்லாம் சும்மா. அந்த நாலு நாளும் என்னை உயிரோடு வைத்திருந்தது பாதி ட்ரிப்ஸ், பாதி கோபம். சாமியைக்கூட நினைக்கவில்லை. மாமாவின் முகத்தைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். எழுந்து நடக்க வேண்டும், ப்ளைட் ஏற வேண்டும், அவர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

கிளம்புகிற அன்றைக்குச் சித்தி அலமாரியிலிருந்து ஒரு ப்ளாஸ்டிக் பையை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே மாமாவின் பழைய ஃபைல். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனாராம். "பதினோரு வருஷமா எடத்த அடைச்சிக்கிட்டு கெடக்கு. அண்ணன்கிட்ட குடுத்துரு" என்றாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீ காய்ச்சலில் போய்விட்டாய் என்றுதான் அவளுக்கு மாமா சொல்லியிருக்கிறார். நான் அதைத் துணிக்கு நடுவில் வைத்து, கல்யாணப் பலகாரத்தைவிடப் பத்திரமாகக் கொண்டுவந்தேன்.

வந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை புலாவ் செபாங் போனேன். அதே வீடு, அதே நீலப் பெஞ்சு. ஏழெட்டுப் பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள். நானும் வரிசையில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் சுங்கை ரம்பாயிலிருந்து வந்த ஒரு அம்மா, உன்னைப்போலவே ஒல்லி, கண் எலுமிச்சம்பழ நிறம். அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், பேக்டரி சட்டையோடு. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "நாலு நாளா லா அக்கா. மொத ரொம்ப வலி, எண்ணெய நிறுத்தினதும் கொறஞ்சிருச்சி" என்றாள்.

என் முறை வந்தது. மாமா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டார். நான் பையிலிருந்து ஃபைலை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"மாமா, கமலா சித்தி இத ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. திருச்சி ஆஸ்பத்திரியில ஒங்களுக்குப் பித்தக் குழாயில கல்லெடுத்து டியூப் வெச்ச ஃபைலு."

வாங்க நீட்டிய கை பாதியில் நின்றது. பெஞ்சில் யாரோ என்ன, என்ன என்று கேட்டார்கள். மாமா குரலைத் தாழ்த்தி உள்ளே வா, பேசிக்கொள்ளலாம் என்றார். நான் நகரவில்லை. "எங்கம்மா இங்க ஒக்காந்துதான ஒங்களக் கேட்டாங்க? இங்கயே பேசலாம் மாமா" என்றேன். ஃபைலைத் திறந்து அவர் பேரை, வயதை, என்ன செய்தார்கள் என்பதை எல்லாருக்கும் கேட்கும்படி படித்தேன். எனக்கு இங்கிலீஷ் தடுமாறும் என்று உனக்குத் தெரியும். அன்றைக்குத் தடுமாறவில்லை.

மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு வந்தது கல்லு. அவளுக்கு வந்தது வெறும் காமாலைன்னு நெனச்சேம்மா. சத்தியமா."

"ஒங்களுக்குக் கல்லுன்னு எப்படித் தெரிஞ்சிச்சு மாமா? ஸ்கேன் எடுத்துத்தான? அந்த ஸ்கேன எங்கம்மா எடுக்கக் கூடாதா?"

மாமா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்தே சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா? உன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் மருந்துக்காரர் தங்கச்சியே ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று ஊர் பேசும் என்று பயந்தாரா? உனக்கு ஏதாவது தெரியுமா? அவரோடு ஒரே தொட்டிலில் வளர்ந்தவள் நீ. எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தாலும் என் வயிற்றெரிச்சல் அடங்கப் போவதில்லை.

நான் திரும்பி அந்தப் பேக்டரிப் பெண்ணைப் பார்த்தேன். என் காடி வெளியே நிற்கிறது, உங்கள் அம்மாவை இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள், அந்த அம்மா மாமாவைப் பார்த்தார். "அண்ணே, போகட்டுங்களா?" என்று கேட்டார். அதே கேள்வி.

மாமா தலையைக் குனிந்தபடியே சொன்னார். "போம்மா. போயிரு."

இந்த ஒரு வார்த்தையை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொல்ல அவருக்கு என்ன கேடு?

மலாக்கா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நானும் கூடவே நின்றேன். ஒரு டாக்டர் அந்த அம்மாவின் இமையை இழுத்துப் பார்த்தார். அவர் எத்தனை நாள் என்று கேட்டார், நாலு என்று மகள் சொன்னாள், சரி என்று எழுதிக்கொண்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். அவ்வளவுதான் அம்மா. யாரும் "கெனாப்பா லம்பாட்" என்று கேட்கவில்லை. அதே மாதிரி கல், அதே மாதிரி வாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் பிறகு போன் பண்ணி, அம்மா உப்புப் போட்டுக் கஞ்சி குடிக்கிறார் என்று சொன்னாள். போனை வைத்துவிட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

என்னைப் புண்ணியவதி என்று நினைத்துவிடாதே. நான் அதைப் புண்ணியத்துக்குச் செய்யவில்லை. பழிக்குத்தான் செய்தேன். அவர் பெஞ்சிலிருந்து ஒரு ஆளைப் பறித்துக்கொண்டு வந்தபோது எனக்கு நெஞ்சு இனித்தது. அதற்கு அடுத்த ஞாயிறும் போனேன். கேட்டுக்கு வெளியே காடியை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரையும் ஸ்கேன் எடுக்க அனுப்பினேன். மாமா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. குரல் கிழவன் குரலாகிவிட்டது. "திதிக்கு எப்பவும் போல வரட்டுமா பூங்கொடி?" என்று கேட்டார். ஒன்பது வருஷமாக உன் படையலுக்கு முதல் சூடம் காட்டுவது அவர்தான், உனக்குப் படைத்த பிறகு முதல் இலையில் உட்காருவதும் அவர்தான். பிறந்த வீட்டு உரிமை. "வராதீங்க மாமா" என்று மட்டும் சொன்னேன். நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரியும். கோபித்துக்கொள். கனவில் வந்து திட்டினாலும் திட்டு. மன்னித்துவிடு என்று மட்டும் கேட்காதே, அது என்னிடம் இல்லை.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்த நீலப் பெஞ்சு காலியாகும் வரைக்கும் என் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அந்தக் கேட்டுக்கு வெளியேதான். இந்தத் திதிக்கு மாமாவுக்கு இலை இல்லை. உனக்கு மட்டும்தான் இலை. கருவாடு பொரித்து வைப்பேன், புளிக்குழம்பு வைப்பேன், எண்ணெய் மிதக்க மிதக்க. எல்லாவற்றுக்கும் முன்னால் இலை ஓரத்தில் உப்பு வைப்பேன். சிட்டிகை இல்லை அம்மா, கை நிறைய.

கீழாநெல்லியை அரைத்தது இந்தக் கைதான். அவரையாவது வாசலோடு நிறுத்திவிட்டேன். இந்தக் கையை எங்கே கொண்டுபோய் நிறுத்துவேன், சொல்.

உனக்கு உப்புப் போடாத உன் மகள்,
பூங்கொடி